பேர் சொல்லிக் கூப்பிட்டவள்

தம்பி, காதுல மாட்டியிருக்கீங்களே அந்த வயரு, அதுல ஒண்ணை மட்டும் கழட்டுங்க. ரெண்டையும் வேண்டாம். ஒரு காது உங்க பாட்டுக்கு, ஒரு காது எனக்கு. காங்கயம் வர்ற வரைக்கும்தான்.

என்ன பாட்டுங்க அது? சினிமாப் பாட்டா? சரி, சரி, அதுவும் நல்லாத்தான் இருக்கும். நான் கேக்கறது ராக்கு. கல்லுன்னு அர்த்தமாம். கேக்கறதுக்கும் அப்படித்தான் இருக்கும், டிப்பர் லாரி ஜல்லி கொட்டற மாதிரி. பழகிட்டா அதுக்குள்ள ஒரு தாலாட்டு இருக்குதுங்க. சொன்னா யாரும் நம்பறதில்ல.

அதோ முன்னால லேடீஸ் சீட்டுல, ஜன்னலோரமா, பட்டுச் சேலை கட்டிக்கிட்டு ஒருத்தி தூங்கறா பாருங்க. என் சம்சாரம், பூங்கொடி. நேத்து கோயமுத்தூர்ல எனக்கு அவ பண்ணின வேலையை யாருகிட்டயாவது சொல்லலீன்னா எனக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காது. நீங்க கிடைச்சீங்க. பொறுத்துக்கோணும்.

நமக்கு வேலை எடை மேடையிலங்க. காங்கயத்துக்கு வெளிய, கரூர் ரோட்டுல. ராத்திரி டூட்டி. லாரி வந்து மேடை மேல ஏறி நிக்கும். நான் கண்ணாடி ரூமுக்குள்ள இருந்து பட்டனை அமுக்குவேன். சீட்டு வரும், கிழிச்சுக் குடுப்பேன். லாரி போயிரும். தேங்காப் பருப்பு, தவிடு, அரிசி, எப்பவாச்சும் இரும்பு. ஊரு தூங்கற நேரத்துல அது சுமக்கறதையெல்லாம் நான் எடை போட்டுட்டு உக்காந்திருப்பேன். பகல்ல தூங்கினாலும் அது தூக்கம் மாதிரி இருக்காது. கடன் வாங்கின சட்டையைப் போட்ட மாதிரி இருக்கும்.

அந்த வேலையில ஒரு சங்கடம் என்னன்னா, யாருக்கும் நம்ம பேரு வேண்டியதில்ல. டிரைவருங்க "யோவ், எடைமேடை"ம்பாங்க. முதலாளிக்கு நான் "நைட்டு". "நைட்டு வந்தாச்சா? நைட்டுக்கு ஒரு டீ சொல்லு." டீக்கடைக்காரருக்கு நான் "சக்கரை கம்மி". வீட்டுல "ஏனுங்". அப்பனும் ஆத்தாளும் இருந்த வரைக்கும் சோமு, சோமுன்னு வாய் நெறையக் கூப்பிட்டாங்க. அவங்க போனதும் அந்தப் பேரும் ஆதார் கார்டுக்குள்ள போய்ப் படுத்துக்கிச்சு.

பூங்கொடி சொல்ல மாட்டாளுங்க. புருசன் பேரைச் சொன்னா அவனுக்கு ஆயுசு குறையும்னு அவங்கம்மா சொல்லி அனுப்பியிருக்குது. பையன் வளர்ந்து ஓசூர்ல வேலைக்கே போயாச்சு, இன்னும் ஒருக்காக் கூடச் சொன்னதில்ல. ஒரு நாள் கேட்டுப் பார்த்தேன். "கதவெல்லாம் சாத்தித்தானே இருக்குது, சும்மா ஒருக்காச் சொல்லேன் புள்ள." அதுக்கு அவ, "ஏனுங், நீங்க நல்லா இருக்கறது உங்களுக்கே பிடிக்கலையா?"ன்னுட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டா. 

இப்படி இருக்கறப்பத்தான் அந்தப் பாட்டு கிடைச்சுது. எடை போடற கம்ப்யூட்டர்ல முதலாளி பையன் கவின் என்னென்னமோ பாட்டை ஏத்தி வெச்சிருந்தான். அதுல ஒரு பேண்டுக்குப் பேரு "புரோக்கன் சைலன்சர்". சைலன்சர் உடைஞ்ச வண்டி நெதமும் நம்ம மேடை மேல ஏறுதே, நம்ம தொழில்காரங்க யாரோ போலிருக்குதுன்னு அமுக்கிட்டேன். பெங்களூர்க்காரங்களாம். பாட்டு இங்கிலீசு.

முதல்ல ஒரே இரைச்சல். அணைச்சுப் போடலாம்னு கையைக் கொண்டுபோறேன், எல்லாச் சத்தமும் டக்குன்னு நின்னு போச்சு. ஒரு பொம்பளைக் குரல். கொஞ்சம் கரகரன்னு, சளி பிடிச்ச மாதிரி.

"சோமூ..."

தம்பி, நான் எந்திரிச்சு நின்னுட்டேன். ஜன்னலைத் தொறந்து "யாருங்க?"ன்னு கேட்டேன். வெளிய ஒரு தவிட்டு லாரிதான் நிக்குது. உள்ள வந்தா மறுபடியும், "சோமூ... கேரி ஆன்."

சிரிக்காதீங்க. நான் படிச்சது கம்மிதான், ஆனா கேரின்னா சுமக்கறதுன்னு தெரியும். எங்க தொழிலே அதுதானுங்களே. மிச்சத்தை டிக்சனரி பார்த்துச் சேர்த்துக்கிட்டேன். "சோமு, சுமந்துக்கிட்டே இரு." ஊர் பேர் தெரியாத ஒரு பொம்பளை, தூங்காம உக்காந்திருக்கற ஒருத்தனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு இதைச் சொல்லோணும்னு அவங்களுக்கு என்னங்க வந்துச்சு? நான் அன்னைக்கு அதைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். ஒரு லாரிக்காரன் ஆரன் அடிச்சு அடிச்சு, எறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினான். "யோவ் எடைமேடை, செத்துட்டியா?" இல்லைங்க, அன்னைக்குத்தான் உசுரோட இருந்தேன்.

அப்புறம் அதைப் போன்ல ஏத்திக்கிட்டேன். காலையில வீட்டுக்குப் போய்ப் படுக்கறப்போ தலைமாட்டுல மெதுவா ஓட விட்டுக்குவேன். ஒரு நாள் பூங்கொடி அடுப்படியில இருந்து கரண்டியோட வந்து நிக்கறா.

"ஏனுங், யாரு அவ?"

"பாட்டுப் பாடறவங்க."

"பாடட்டும். உங்க பேரை எதுக்குச் சொல்றா?"

"எனக்கும் தெரியலை புள்ள."

"அவ பேரென்ன?"

"டெபோரா."

"டபராவா?"

"டெபோரா!"

"டபராவோ டம்ளரோ. கட்டினவ நானே சொல்லாத பேரை எவளோ ஒருத்தி மைக்குல சொல்லுவாளா?"

அன்னையிலிருந்து எனக்குக் காபி டம்ளர்ல மட்டும்தான் வரும், டபரா வராது. சூடு விரலைச் சுடும்.  கழுவற வேலை மிச்சம்னு நெனச்சிருப்பா.

போன மாசம் கவின் வந்து, அந்த பேண்டு கோயமுத்தூர் வருதுங்கண்ணா, வெளி மைதானத்துல கச்சேரி, எனக்கு ரெண்டு பாஸ் இருக்குது, நான் போக முடியலை, நீங்க போறீங்களான்னான். கையோட வாங்கிக்கிட்டேன். வீட்டுல சொன்னேன். பூங்கொடி, "நானும் வர்றேன்"னா.

அவ தங்கச்சி வீடு சிங்காநல்லூர்ல இருக்குதுங்க. அங்க போறதுக்கு ஒரு சாக்குன்னு நெனச்சேன். ஆனா தங்கச்சியைப் பார்க்கப் போறவ எதுக்குங்க கல்யாணப் பட்டைக் கட்டோணும்? தலை நெறையப் பூ வேற. கேட்டா, "நாலு பேர் கூடற எடம்"ங்கறா. பொம்பளைங்க மனசு யாருக்குப் புரியுது?

எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதானுங்க. மேடைக்கு முன்னால போய் நிக்கோணும். அவங்க "சோமு"ன்னு கூப்பிடறப்போ கையைத் தூக்கி, "இங்க இருக்கேனுங்க"ன்னு சொல்லோணும். அவங்க ஒருக்காத் திரும்பிப் பார்க்கோணும். அவ்வளவுதான். ஆளைப் பார்க்காமக் கூப்பிடறதும் பார்த்துக் கூப்பிடறதும் ஒண்ணாயிருமா? நீங்களே சொல்லுங்க.

மைதானத்து வாசல்ல கையில ஒரு பட்டைக் காகிதத்தைச் சுத்தி ஒட்டினாங்க. பூங்கொடி அதைக் கண்ணுல ஒத்திக்கிட்டா. "காப்புக் கட்டியாச்சு. இனி முடியற வரைக்கும் எல்லை தாண்டக் கூடாது"ங்கறா. ஒட்டின பொண்ணு முழிக்குது. அடுத்து செக்யூரிட்டிக்காரர் பையைத் தொறந்து, புளிசாதத்தை உள்ள விட முடியாதும்மான்னுட்டார். இவ விடுவாளா? "புளிசாதத்தால யாரையாச்சும் கொல்ல முடியுமாங்க?" "ரூல்ஸும்மா." "அப்போ வெளிய நின்னு தின்னலாமா?" "தின்னலாம்." அங்கயே ஓரமா உக்காந்து தின்னோம். அவருக்கும் ஒரு கை குடுத்தா. தின்னுட்டு, உப்பு ஒரு கல்லு தூக்கலா இருக்குதும்மான்னார். அதுக்கும் ஒரு சண்டை.

உள்ள போனா ஒரு சேர் கிடையாது. அத்தனை பேரும் நிக்கறாங்க. "பொம்பளைங்க பக்கம் எதுங்க?"ன்னு இவ தேடறா. முன்னால இடுப்பு வரைக்கும் முடி விட்டுக்கிட்டு நின்ன ஒருத்தர் தோளைத் தொட்டு, "ஏம்மா, இங்க நிக்கலாமா?"ன்னு கேட்டா. திரும்பினா நெஞ்சு வரைக்கும் தாடி! "தாராளமா நில்லுங்க ஆன்ட்டி"ன்னு தள்ளி எடம் விட்டார், பாவம்.

முதல்ல வேற ஒரு பேண்டு வந்து வாசிச்சுது. தம்பி, தலையாட்டம்னு ஒண்ணு இருக்குது, பார்த்திருக்கீங்களா? கழுத்து கழண்டு விழற மாதிரி ஆட்டறாங்க. நான் விவரம் தெரிஞ்சவன், பேசாம நின்னேன். பூங்கொடி நேராப் போய் அந்தத் தாடிக்காரர் முன்னால கையைக் கூப்பினா. "சாமி, எம் பையனுக்கு எப்பக் கல்யாணம் ஆகும்?" அவரு ஆட்டத்தை நிறுத்தாமலே, "தையில ஆகும் ஆன்ட்டி"ன்னார். இவ திருப்தியாத் திரும்பி வந்துட்டா.

பக்கத்துல தலைக்குப் பச்சைச் சாயம் பூசின ஒரு பொண்ணு. காலேஜுப் புள்ள. நல்ல புள்ளைங்க, தண்ணி பாட்டில் குடுத்துச்சு. அங்கிள், உங்களுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்னு கேட்டுச்சு. எம் பேர்ல ஒரு பாட்டு இருக்குதே, அதுன்னேன். எம் பேர் சோமுன்னேன். அது கொஞ்சம் யோசிச்சுட்டு, வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுது.

"அங்கிள், அது சோமு இல்ல. 'ஸோ, மூவ்.' நகரு, நகர்ந்து போய்க்கிட்டே இருன்னு அர்த்தம்."

எனக்குச் சங்கடமாப் போச்சுங்க. எனக்காக இல்ல, அந்தப் புள்ளைக்காக. இத்தனை படிச்சும் காது இப்படி இருக்குதே. நகருன்னு சொல்றதுக்கு ஒரு பாட்டு எதுக்குங்க? அதைத்தான் இந்த பஸ்ஸுல கண்டக்டர் ஏறினதுல இருந்து சொல்லிட்டு இருக்கார், அதுக்கு நாம கை தட்டறமா? சின்னப் புள்ள, மனசு நோகக் கூடாதுன்னு, "அப்படியாம்மா"ன்னு விட்டுட்டேன்.

பூங்கொடி மட்டும் அந்தப் புள்ளையையே பார்த்துட்டு இருந்தா. "அப்போ அவ இவரைக் கூப்பிடலையா கண்ணு?"ன்னு கேட்டா. "இல்ல ஆன்ட்டி." "நெசமா?" "நெசமா." அப்படி ஒரு சிரிப்புச் சிரிச்சா பாருங்க. மூஞ்சியே தெளிஞ்சு போச்சு. எம் பாட்டு எனக்கு இல்லைன்னு ஒரு புள்ள சொல்லுது, கட்டினவளுக்கு அதுல என்ன சந்தோசம்?

அந்தக் கோவத்துலதான் நான் முன்னால போனேன். "இங்கயே நில்லு, வந்தர்றேன்"னுட்டு மேடையைப் பார்த்து நுழைஞ்சேன். அவ போனும் எஞ் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. சேலையில பாக்கெட்டு ஏதுங்க? சோத்துப் பையும் எங்கிட்டத்தான். அதை அப்ப நான் நெனைக்கலை.

நெருக்கமான நெருக்கம். தேர்க் கூட்டத்துல கூட இப்படி இருக்காது. தோளை விட்டு, முழங்கையை விட்டு, எப்படியோ கம்பித் தடுப்புக்கு ரெண்டு வரிசை முன்னால வரைக்கும் போயிட்டேன். மேடையில இன்னும் யாரும் வரலை. அப்போ ஸ்பீக்கர்ல ஒரு பையன் குரல், இங்கிலீசும் தமிழும் கலந்து.

"மிஸ்டர் மண்டே, மிஸ்டர் மண்டே. உங்க வைஃப் ஹெல்ப் டெஸ்க்ல வெயிட் பண்றாங்க. ப்ளீஸ் கம்."

கூட்டம் பூராவும் கைதட்டிச் சிரிக்குது. நானும் சிரிச்சேன் தம்பி. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். திங்கக்கிழமைன்னு ஒருத்தனுக்குப் பேரு, அவன் பொண்டாட்டியைத் தொலைச்சிட்டு நிக்கறான்! பக்கத்துல இருந்தவர்கிட்ட, "இவனையெல்லாம் நம்பி ஒருத்தி வந்திருக்கா பாருங்க"ன்னு வேற சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும். "மிஸ்டர் மண்டே, ஃப்ரம் வெயிட் ஸ்டேஜ். உங்க வைஃப் அழறாங்க சார், ப்ளீஸ்." கூட்டத்துல ஒருத்தர் சொல்றார், வெயிட் ஸ்டேஜுங்கறது கொச்சின் பேண்டு, நான் அவங்க டிரம்மைக் கேட்டிருக்கேன்னு. நானும் தலையாட்டினேன். டிரம் அடிக்கறவனுக்குப் பொண்டாட்டி ஞாபகம் எங்க இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்.

அப்பத்தான் அவங்க வந்தாங்க.

டெபோரா. நான் நெட்டையா இருப்பாங்கன்னு நெனச்சிருந்தேன். குட்டைதான். சுடிதார் போட்டு, ஷூ போட்டு, பேங்குல டோக்கன் குடுக்கற அம்மா மாதிரி இருந்தாங்க. வாயைத் தொறந்தாங்க பாருங்க, அதே குரல். அதே சளி. அஞ்சாறு பாட்டுப் போச்சு, எனக்கு எதுவும் காதுல ஏறலை. கை ரெண்டையும் தயாரா வெச்சுக்கிட்டு நிக்கறேன். அப்புறம் எல்லாச் சத்தமும் டக்குன்னு நின்னு போச்சு. எனக்குத் தெரியும் அந்த நிப்பு.

"சோமூ..."

அவங்க ஒரு தடவைதான் சொன்னாங்க. மைக்கைக் கூட்டத்துப் பக்கம் நீட்டிட்டாங்க. மைதானம் முழுக்கத் திருப்பிச் சொல்லுது, "சோமூ!" ஆயிரக்கணக்குல சனங்க. பின்னால இருந்து அந்தப் பச்சைத் தலைப் புள்ள எப்படியோ வந்து சேர்ந்துட்டு, என்னைக் காட்டி, "இவர்தான் சோமு, இவர்தான் சோமு!"ன்னு கத்துது. அது கூடவே வந்த தாடிக்காரர் என் தோள்ல கையைப் போட்டுட்டு, "சோமு அங்கிள்!"ங்கறார். சுத்தி இருக்கறவங்க எல்லாம் என்னைப் பார்த்து, எம் மூஞ்சியைப் பார்த்து, "சோமூ! சோமூ!" எங்க ஆத்தா போனதுக்கப்புறம் யாருங்க என்னை அப்படிக் கூப்பிட்டது? எனக்குக் கண்ணு தெரியலை. கையைத் தூக்கிட்டேன். அவங்க மேடையில இருந்து இந்தப் பக்கமாத் தலையைத் திருப்பறாங்க தம்பி. திருப்பிட்டாங்க. இன்னும் இம்மித்தான் பாக்கி.

அப்போ ஸ்பீக்கர்ல ஒரு குரல்.

"அதேதானுங்! அந்தப் பேருதானுங்! விடாமக் கூப்பிடுங், அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்!"

பூங்கொடி.

ஹெல்ப் டெஸ்க்குல அறிவிச்சுட்டு இருந்த பையன் கையில இருந்த மைக்கைப் பிடுங்கிட்டா. அப்புறமாத்தான் கதை முழுசுந் தெரிஞ்சுது. என்னைக் காணோம்னு தேடிப் போனவளை ஹெல்ப் டெஸ்க்குல அவன் கேட்டிருக்கான், உங்க ஹஸ்பண்ட் பேரென்னன்னு. இவ சொல்லுவாளா? "திங்கக்கிழமைக்கு இன்னொரு பேரு இருக்குதில்ல தம்பி, சிவனுக்கு விரதம் இருப்பாங்களே, அது"ன்னிருக்கா. நம்மூர்க்காரனா இருந்தா சோமவாரம், சோமுன்னு பிடிச்சிருப்பான். அவன் எல்லாத்தையும் இங்கிலீசுலயே படிச்ச பையன். அவனுக்குத் தெரிஞ்ச இன்னொரு பேரு மண்டே. என்ன வேலைன்னு கேட்டதுக்கு எடை மேடைன்னிருக்கா, அதையும் வார்த்தைக்கு வார்த்தை மாத்திட்டான். அப்புறம் மைதானமே அந்தப் பேரைச் சொல்லவும் இவ என்ன நெனச்சான்னா, தனக்காகத்தான் அத்தனை சனமும் சேர்ந்து புருசனைத் தேடிக் குடுக்குதுன்னு நெனச்சுட்டா!

அதெல்லாம் எனக்கு அப்போ எங்கீங்க தெரியும்? குரல் கேட்டுது, திரும்பிட்டேன். மேடைக்கு முதுகைக் காட்டிட்டு, கூட்டத்தை இடிச்சுத் தள்ளிட்டு ஓடறேன். எம் பாட்டு பின்னால பாதியில கிடக்குது. அவங்க என்னைப் பார்த்தாங்களோ, எம் முதுகைப் பார்த்தாங்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

போய்ப் பார்த்தா, கூடாரத்துக்குள்ள பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருக்கா. பூவெல்லாம் கசங்கி, கையில யாரோ குடுத்த குளுக்கோஸ் பாக்கெட்டு. என்னைப் பார்த்ததும் சேலைத் தலைப்பால மூக்கைத் துடைச்சுக்கிட்டா. அந்தப் பையன் என்னைச் சந்தேகமாப் பார்க்கறான். ஆளை ஒப்படைக்கோணுமில்ல, விசாரிக்கத்தான் செய்வான்.

"சார், நீங்கதான் மிஸ்டர் மண்டேவா?"

வெளிய இன்னும் சனங்க கத்திட்டு இருக்காங்க, சோமூ, சோமூன்னு. நான் இவளைப் பார்த்தேன். இவ, ஆமான்னு சொல்லுங்கன்னு கண்ணைக் காட்டறா.

"ஆமாங்க தம்பி, நான்தான் மண்டே"ன்னேன்.

கூட்டிட்டுப் போங்க சார்னான்.

இதுதானுங்க நடந்தது. இத்தனை நாள் காத்திருந்து, இத்தனை தூரம் போய், கிடைக்கற நேரத்துல கெடுத்துட்டா. சரி, தெரியாமப் பண்ணிட்டான்னு விட்டறலாம். ராத்திரி தங்கச்சி வீட்டுல சோறு போட்டுக்கிட்டே இவ சொல்றதைக் கேக்கோணும் நீங்க. "அந்த டபரா மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. அவ பக்கம் போனாரா? நான் ஒருக்காக் கூப்பிட்டேன், ஓடியாந்துட்டாரு." சொல்லிட்டுத் தங்கச்சியைப் பார்த்து ஒரு சிரிப்பு. எலெக்சன்ல ஜெயிச்ச மாதிரி. இப்போ பாருங்க, அந்தச் சிரிப்போடயேதான் தூங்கறா.

தம்பி, நீங்க படிச்சவங்க. நீங்களே சொல்லுங்க. இவ எங்கீங்க கூப்பிட்டா? அந்தப் பேருன்னுதானே சொன்னா? அது ஒரு பேராங்க? நான் ராத்திரி பூராவும் புரண்டு புரண்டு யோசிச்சுப் பார்த்துட்டேன். அந்த மைதானத்துல அத்தனை பேரும் எம் பேரைச் சொல்லிட்டு இருந்தாங்க. சொல்லாதவ ஒருத்திதான். நான் எதுக்குங்க அவ பக்கமா ஓடினேன்? அதுவும் ஒத்தைச் செருப்பு கழண்டு போனது கூடத் தெரியாம? இதோ பாருங்க, கால்ல கிடக்கறது என் சகலையோடது. எனக்கு ஒரு சைஸ் பெருசு.